ஜே சௌவின் பாடல்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் சீனப் பாப் இசைக்குள் நுழைய விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஜே சௌ. 1979 ஜனவரி 18 அன்று தைவானில் பிறந்த இவர் மாண்டரின் சீனத்தில் பாடுகிறார். தம் பாடல்களுக்குத் தாமே மெட்டமைக்கிறார். சிலவற்றுக்கு வரிகளும் எழுதுகிறார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தொகுப்பு தொடங்கி, தைவானிலும் சீனாவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூர், மலேசியச் சீனர்களிடையேயும் ஒரு தலைமுறையின் இசை ரசனையை இவர் அளவுக்கு மாற்றியவர்கள் மிகச் சிலரே. இருந்தும் புதிதாகக் கேட்பவர்கள் பலர் இரண்டு மூன்று பாடல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். குரலில் பெரிய வீச்சு இல்லை, சொற்கள் வாய்க்குள்ளேயே தேய்ந்துவிடுகின்றன என்பார்கள். அந்தக் குறை உண்மையானதே. ஆனால் ஜே சௌவைப் பாடகராக அல்லாமல், தம் குரலையும் ஒரு வாத்தியமாகப் பயன்படுத்தும் இசையமைப்பாளராக எண்ணிக் கேட்டால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அப்படிக் கேட்பதற்கான வழியைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில் அவருடைய வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள். பாடல்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். மகனுக்கு இசையில் இருந்த நாட்டத்தைச் சிறு வயதிலேயே கண்டுகொண்ட தாய் அவரைப் பியானோ வகுப்பில் சேர்த்தார். பின்னர் அவர் செல்லோவும் கற்றார். அவருடைய பதின்ம வயதில் பெற்றோர் பிரிந்தனர். தம்சுய் ஊரிலுள்ள தம்காங் உயர்நிலைப் பள்ளியில் இசை படித்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவரால் வெற்றிபெற முடியவில்லை. உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். தொலைக்காட்சித் திறமைப் போட்டி ஒன்றில் நண்பர் பாட, இவர் பியானோ வாசித்தார். நிகழ்ச்சி எடுபடவில்லை. ஆனால் அதை நடத்திய ஜாக்கி வூ, வாசிக்கப்பட்ட இசைக்குறிப்பைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த நுணுக்கத்துக்காகவே இவரை ஆல்ஃபா மியூசிக் நிறுவனத்தில் பாடல் எழுதுபவராகச் சேர்த்துக்கொண்டார். பிறருக்காக மெட்டமைக்கும் அறைக்குள்தான் அவருடைய தொழில்வாழ்க்கை தொடங்கியது என்பதை மறவாதீர்கள். மேடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது பாடல் வரிகள். மாண்டரின் மொழியில் ஒரே அசை, தொனி மாறினால் வேறு பொருள் தரும். அதில் நான்கு தொனிகள் உண்டு. பாட்டில் வரும்போது மெட்டின் ஏற்ற இறக்கம் அந்தத் தொனிகளை மூடிவிடுவதால், மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே திரையில் ஓடும் வரிகளைப் பார்த்தபடி பாட்டுக் கேட்பது வழக்கம். போதாததற்கு ஜே சௌவின் உச்சரிப்பும் தேய்ந்தது. ஆகவே ஒவ்வொரு பாடலையும் மூன்று படிகளில் கேளுங்கள். முதல் முறை வரிகளைப் பாராமல், குரலைக்கூடப் பொருட்படுத்தாமல், பியானோவும் தந்தி வாத்தியங்களும் தாளமும் எப்படி நுழைந்து எப்படி விலகுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு வரிகளின் மொழிபெயர்ப்பை அமைதியாகப் படியுங்கள். அதன்பின் ஒலிபெயர்ப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள். எந்தச் சொல்லில் அவர் மூச்சை நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அடுத்த அடிக்குள் இழுத்துச் செல்கிறார் என்பது மூன்றாவது படியில்தான் காதில் விழும்.

எந்தப் பாடலில் தொடங்குவது? மிகப் புகழ்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. 2003இல் வந்த ‘சிங் தியன்’, அதாவது வெயில் நாள், வரியும் மெட்டும் இசைக்கோப்பும் ஜே சௌவே செய்தது. கித்தாரில் தொடங்கி, பள்ளிப் பருவக் காதலின் நினைவுகளை அடுக்கிக்கொண்டே போகிற இப்பாடலின் இறுதிப் பகுதியில், சொற்கள் பேச்சின் வேகத்தை எட்டிவிடும். அங்கே ராப்பும் மெல்லிசையும் பிரித்தறிய முடியாதபடி கலக்கின்றன. அடுத்ததாக 2008இன் ‘தாவ் சியாங்’, நெல்லின் மணம் என்று பொருள்படும் பாடல். துவண்டுபோனவனை வீட்டுக்குத் திரும்பச் சொல்லும் எளிய பாட்டு இது, வரிகளும் அவருடையவையே. சீனமொழி இசைக்கான தைவானின் கோல்டன் மெலடி விருதுகளில் 2009ஆம் ஆண்டின் சிறந்த பாடலாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவை இரண்டும் பழகியபின் முதல் இரண்டு தொகுப்புகளுக்குப் போங்கள். தைவானில் ரிதம் அண்ட் புளூஸ் இசையை மாண்டரினுக்கு ஏற்ப வளைத்தவர்களில் டேவிட் தாவ் முன்னோடி. அவருடைய முதல் தொகுப்பு 1997இல் வந்தது. அந்தப் பாதையில் வந்த ஜே சௌ, 2000 நவம்பரில் வெளிவந்த ‘ஜே’ தொகுப்பில் அதோடு ராப்பையும் செவ்வியல் பியானோவையும் சேர்த்தார். அடுத்த ஆண்டின் ‘ஃபேன்டசி’ இன்னும் துணிச்சலானது. அதில் ‘ஷுவாங் ஜியே குன்’ என்ற பாடல் தற்காப்புக்கலைப் பயிற்சிக்கூடத்தைக் கன ராக் இசையோடு ராப்பாகச் சொல்கிறது. இன்னொரு பாடல் பாபிலோனிய மன்னர் ஹமுராபியின் சட்டக் கல்வெட்டை முன்வைத்துக் காதலைப் பேசுகிறது. மற்றொன்று, குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் தந்தையிடம் மகன் பேசுவதாக அமைந்தது. காதல் பாட்டே பெரும்பான்மையாக இருந்த சந்தையில் 22 வயது இளைஞர் குடும்ப வன்முறையைப் பாடியதை நான் இன்றும் மதிக்கிறேன். ‘ஃபேன்டசி’ 2002இல் ஐந்து கோல்டன் மெலடி விருதுகளைப் பெற்றது. 2003 மார்ச்சில் டைம் இதழின் ஆசியப் பதிப்பு அவரை அட்டையில் போட்டது. அதே ஆண்டு வந்த நான்காம் தொகுப்புக்கு அவர் தம் தாயின் பெயரான ‘யே ஹுய்மெய்’ என்பதையே சூட்டினார்.

இந்த இடத்தில் கவிஞர் ஃபாங் வென்ஷானை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவரைத் தவிர்த்து ஜே சௌவைப் புரிந்துகொள்ள முடியாது. 1969இல் தைவானின் ஹுவாலியனில் பிறந்த ஃபாங், உடலுழைப்பு வேலைகள் பார்த்துக்கொண்டே பாடல் வரிகள் எழுதி, அவற்றைத் தொகுத்து இசை நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தார். அந்தத் தொகுப்பைப் பார்த்து அவரையும் அழைத்தவர் ஜாக்கி வூதான். பழைய சீனக் கவிதையின் படிமங்களையும் இக்காலப் பேச்சு நடையையும் ஒரே அடியில் வைக்கத் தெரிந்தவர் ஃபாங். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாணிக்கு ‘ஜோங்குவோ ஃபெங்’, சீனப் பாணி என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்குப் பிடித்ததும், தமிழ்க் காதுக்கு மிக விரைவில் வசப்படுவதும் இந்தப் பகுதிதான். ஆகையால் இங்கே அவசரப்படாமல் தங்குங்கள்.

காரணம் சுரங்களில் இருக்கிறது. சீன மரபிசை கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்னும் ஐந்து சுரங்களை அடிப்படையாகக் கொண்டது. கோங் சுரத்தை ஆதாரமாக வைத்தால் கிடைப்பது நம் கர்நாடக இசையின் மோகன ராகத்தின் சுரவரிசை: ச, ரி, க, ப, த. அதே ஐந்து சுரங்களில் ஆதாரத்தை மாற்றிக்கொண்டே போனால், ஷாங்கில் மத்தியமாவதியும், ஜுவேயில் இந்தோளமும், ஜியில் சுத்த சாவேரியும், யூவில் சுத்த தன்யாசியும் வந்துவிடுகின்றன. இப்படி ஆதாரத்தை மாற்றும் கிரகபேதம் அறிந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த கணக்கு. சுரவரிசை ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அங்கே சுரத்தை அசைத்துப் பாடும் நம்முடைய கமகம் இல்லை, ராகத்தை அடையாளம் காட்டும் சுரச்சேர்க்கைகளான பிடிகளும் வேறு. ஜே சௌவின் பாடல்களில் மெட்டுக்கு அடியில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மேற்கத்திய இசைக்கோர்வைகள் (கார்டுகள்) வேறு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மெட்டு ஐந்து சுரங்களுக்குள் நிற்க, அடியில் உள்ள கோர்வை ஏழு சுரங்களிலும் உலவும். அந்த இழுவையில்தான் இவருடைய சீனப் பாணியின் அழகு இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க 2007இன் ‘சிங் ஹுவா சி’, நீலப்பூ வேலைப்பாடு கொண்ட வெண்பீங்கானைப் பற்றிய பாடல், மிகப் பொருத்தமானது. அதன் மெட்டு கோங் வகை ஐந்து சுரங்களில் அமைந்தது. மோகனத்தில் ஒரு வர்ணமோ கீதமோ கற்றவர் ஓரிரு முறை கேட்டதும் அதற்குச் சுரம் எழுதிவிடலாம்; எழுதிப் பாருங்கள் என்றே சொல்வேன். பீங்கானில் தீட்டிய கோடும், மழையை எதிர்பார்த்திருக்கும் வானின் நிறமும், காத்திருக்கும் ஒருவனின் மனமும் அதில் ஒன்றாகப் பிணைந்திருக்கும். 2008 கோல்டன் மெலடி விருதுகளில் சிறந்த பாடல், மெட்டு, வரிகள் ஆகிய மூன்றும் இதற்கே கிடைத்தன. அதற்கு முந்தைய ‘தோங் ஃபெங் போ’ 2003இல் வந்தது. பிபா, எர்ஹு என்னும் மரபு வாத்தியங்களை இசைக்கோப்பாளர் லின் மைக்கே பாப் தாளத்தின்மேல் எவ்வளவு அடக்கமாக வைத்திருக்கிறார் என்று பாருங்கள். 2006இன் ‘சியன் லி ஜி வாய்’ பாடலையும் விட்டுவிடாதீர்கள். அதில் தெளிந்த உச்சரிப்புக்குப் பெயர்பெற்ற மூத்த பாடகர் ஃபெய் யூசிங் உடன் பாடுகிறார். இரண்டு குரல்களும் அடுத்தடுத்து வரும்போது, ஜே சௌ சொல்லைத் தாளத்துக்காக எவ்வளவு தேய்க்கிறார் என்பது எந்த விளக்கமும் இல்லாமலே புரியும்.

திரைப்படங்களில் ஒன்றைப் பார்த்தால் போதும். ‘இனிஷியல் டி’, ‘கர்ஸ் ஆஃப் தி கோல்டன் ஃபிளவர்’, ஹாலிவுட்டின் ‘தி கிரீன் ஹார்னெட்’ எனப் பலவற்றில் அவர் நடித்திருந்தாலும், இசையை அறிய விரும்புகிறவருக்கு அவரே இயக்கி நடித்த, 2007இல் வந்த ‘சீக்ரெட்’ படமே தேவை. தாம் படித்த தம்காங் பள்ளியிலேயே அதைப் படமாக்கினார். அதில் இரு மாணவர்கள் பியானோவில் மோதும் காட்சி செவ்வியல் இசையமைப்பாளர் ஷோப்பனின் கறுப்புக் கட்டைப் பயிற்சிப் பாடலில் தொடங்கி, அதையே வெள்ளைக் கட்டைகளுக்கு மாற்றி வாசிப்பதில் தொடர்கிறது. பியானோவின் கறுப்புக் கட்டைகள் மட்டுமே சேர்ந்தால் வருவதும் அதே ஐந்து சுர வரிசைதான் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், செவ்வியல் பயிற்சியும் சீன மெட்டும் அவர் விரல்களில் ஏன் ஒட்டிக்கொண்டன என்பது விளங்கும்.

2007இல் ஃபாங்குடனும் தயாரிப்பாளர் யாங் ஜுன்ரோங்குடனும் சேர்ந்து ஜே.வி.ஆர். மியூசிக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குப் பிந்தைய காலத்தை வேகமாகக் கடக்கலாம். 2010க்குப் பின் வந்த தொகுப்புகளில் நல்ல பாடல்கள் உண்டு. தொகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கவைக்கும் புதுமை குறைந்துவிட்டது என்று கருதுகிறேன். 2014இன் ‘காவ் பாய் சி சியூ’ போன்ற இனிய காதல் பாடலைத் தனியாக எடுத்துக் கேட்டால் போதும். ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022 ஜூலையில் வந்த ‘கிரேட்டஸ்ட் வொர்க்ஸ் ஆஃப் ஆர்ட்’ மட்டும் விலக்கு. அதன் தலைப்புப் பாடலின் காணொளியில் பாரிஸ் நகரத்து ஓவியர்களிடையே அவர் உலவ, பியானோ கலைஞர் லாங் லாங்கும் தோன்றுகிறார். விற்பனை அளவில் அவ்வாண்டு உலகில் முதலிடம் பெற்ற தொகுப்பாகச் சர்வதேச இசைத்தொழில் கூட்டமைப்பு இதை அறிவித்தது.

இறுதியாக, தேடும் முறை. இசைச் செயலிகளில் பாடல் தலைப்புகள் சீன எழுத்திலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கலந்து கிடக்கும். ஒரே பாடலுக்கு இரண்டு மூன்று ஆங்கிலப் பெயர்கள் வழங்குவதால் குழப்பம் வரும். எனவே ஜே சௌவின் பக்கத்துக்குப் போய், 2000 முதல் 2022 வரையான 15 தொகுப்புகளையும் ஆண்டு வரிசையில் வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஆண்டைப் பார்த்து, அந்தத் தொகுப்புக்குள் பாடலைத் தேடுங்கள். மேடைப் பதிவுகளைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அங்கே அரங்கமே சேர்ந்து பாடுவதால், இசைக்கோப்பின் நுணுக்கம் கூட்டத்தின் குரலில் மறைந்துவிடும். பாடல் மனப்பாடமான பிறகு கேட்டால், அந்தக் கூட்டத்தோடு நீங்களும் சேர்ந்து பாடலாம்.