ஆன்லைன் போக்கர்: முதலில் மடக்கப் பழகுங்கள், ஆடுவது அப்புறம்

மாலை ஷிப்டு முடிந்து, பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் தாண்டி பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, "ஒரே ஒரு ரவுண்டு" என்று பன்னிரண்டரைக்குத் திறந்த ஆட்டம் அது. இரண்டரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கையில் இரண்டு ஆஸ் வந்தது. எதிரே இருந்தவரிடம் 7-உம் 4-உம். கடைசிச் சீட்டில் அவருக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) விழுந்துவிட்டது. அந்த ஒரு கையில் என் சிப்ஸில் கால்வாசிதான் போனது. மீதி முக்கால்வாசியை அடுத்த இருபது நிமிடத்தில் நானே வாரி இறைத்தேன். எல்லாம் இலவச சிப்ஸ்தான், ஒரு வெள்ளிகூட நஷ்டமில்லை. ஆனாலும் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

அந்த இருபது நிமிடத்தை எப்படித் தடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து சீட்டு என்ற டெக்ஸஸ் ஹோல்டெம் விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நான் சொல்வது இலவச சிப்ஸ் ஆட்டத்துக்கு மட்டும். 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமும் பந்தயச் சட்டமும் மலேசியாவில் இன்னும் நடப்பில் இருக்கின்றன. உரிமம் இல்லாத தளத்தில் காசு கட்டி ஆடினால் வம்புதான். யாராவது வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி "சும்மா 50 வெள்ளி போட்டுப் பாரு" என்றால், தொடாதீர்கள்.

படி 1: உட்காரும் முன் மூன்று வரி எழுதுங்கள்

கைப்பேசியில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன்? எத்தனை முறை சிப்ஸ் போட்டு உட்காருவேன்? எத்தனை மேசை?

என் தாளில் இப்படி இருக்கும்: "10.30. இரண்டு முறை. ஒரு மேசை." ஒரு முறை உட்காருவது என்றால் 100 பெரிய பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சிப்ஸ்தான் பிளைண்ட், ஒன்று சிறியது, ஒன்று பெரியது. அதாவது பிளைண்ட் 5/10 என்றால் 1,000 சிப்ஸ். அது இரண்டு முறை காலியானால் மணி என்னவாக இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆடும்போது முடிவெடுக்கலாம் என்று விட்டால் மூளை எப்போதும் "இன்னும் ஒரு கை" என்றுதான் சொல்லும். தெளிவாக இருக்கும்போது எழுதிய தாளை நடுராத்திரி மூளை திருத்த முடியாது. திருத்தினாலும் காலையில் அசடு வழிய அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஷிப்டு வேலை செய்பவர்கள் வேலை முடிந்த கையோடு ஆடாதீர்கள். ஓய்வு நாளில், பசியாறிய பிறகு ஆடிப் பாருங்கள். அதே ஆட்டம் வேறு மாதிரி தெரியும். மாமாக் கடையில் தே தாரேக்கும் பந்து விளையாட்டுமாக உட்கார்ந்துகொண்டு ஆடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 2: சலிப்போடு பழகுங்கள்

புதியவர்களைக் கெடுப்பது கோபம் என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன்பே சலிப்பு கெடுத்துவிடுகிறது.

நம் வீடுகளில் தீபாவளிக்கு பேன் லக் (21-ஐ எட்டப் பார்க்கும் சீட்டாட்டம்) ஆடிப் பழகியிருப்போம். அதில் மடக்கும் வேலையே, அதாவது சீட்டைக் கீழே வைத்துச் சுற்றிலிருந்து விலகும் வேலையே இல்லை. சீட்டு வந்தால் அந்தச் சுற்றில் நாமும் உண்டு. அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வந்தால் எல்லாக் கையிலும் தலையை நுழைப்போம். போக்கரோ பெரும்பாலும் மடக்கும் ஆட்டம். ஒன்பது பேர் மேசையில் தொடக்கக்காரர் 100 கையில் 15 முதல் 20 வரை ஆடினால் போதும். மற்றதெல்லாம் ஃபோல்டு.

கணக்கைப் பாருங்கள். 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். அதில் ஆறு விதம்தான் ஆஸ் ஜோடி. அதாவது சராசரியாக 221 கைக்கு ஒரு முறை. ஒரு மேசையில் மணிக்கு 60, 70 கை ஓடும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஆஸ் ஜோடியைப் பார்க்காமலே எழுந்திருப்பது சாதாரணம். "இன்னிக்கு நேரம் சரியில்லை" என்று புலம்ப அதில் ஒன்றுமில்லை.

சரி, மடக்கிய பிறகு என்ன செய்வது? இங்கேதான் கை வாட்ஸ்அப் பக்கம் போகும். அதற்குப் பதிலாக மேசையில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கவனியுங்கள். அவர் எந்த இடத்திலிருந்து ரெய்ஸ் செய்கிறார், அதாவது தொகையை ஏற்றுகிறார்? பிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில்) ஒன்றும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுகிறாரா, முட்டிக்கொண்டு நிற்கிறாரா? சீட்டைத் திறக்கும் முன் என்ன வைத்திருப்பார் என்று மனத்துக்குள் ஊகியுங்கள். முதல் வாரம் பத்தில் ஒன்றுகூடச் சரியாக வராது. ஆனால் சலிப்பு போய்விடும், அவர் உங்களோடு மோதும் நேரத்தில் கையில் ஏதோ ஒரு விவரம் இருக்கும்.

படி 3: பொத்தானை அழுத்தும் முன் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பாட், அதாவது மேசை நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, 60 சிப்ஸ். எதிராளி 30 போடுகிறார். இப்போது பாட் 90. நீங்களும் அதே 30 போட்டு ஈடுகட்டினால் (இதைத்தான் 'கால்' செய்வது என்பார்கள்) மொத்தம் 120. போடுவது 120-இல் 30, அதாவது கால் பங்கு. ஆக, 100-க்கு 25 முறையாவது ஜெயிக்கும் கை வேண்டும்.

உங்களிடம் நான்கு இஸ்பேட். பிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இன்னும் ஒன்று வேண்டும். மீதி இஸ்பேட் 9. வரவேண்டியது ஒரே சீட்டு. பார்க்காத சீட்டு 46-இல் 9 என்றால் 100-க்கு 20-கூட இல்லை. மடக்குங்கள். மனக்கணக்குக்கு எளிய வழி: ஒரு சீட்டு பாக்கி என்றால் உதவும் சீட்டுகளை இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டு பாக்கி என்றால் நான்கால்.

நான் இதை முணுமுணுப்பதைப் பார்த்துத் தம்பி, "என்னண்ணே, வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்களா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். வாய் கணக்கில் இருக்கும்வரை விரல் அவசரப்படாது.

படி 4: உங்கள் டில்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோற்ற வெறியில் தாறுமாறாக ஆடுவதை டில்ட் என்பார்கள். அந்தக் காலத்துப் பின்பால் இயந்திரத்தைப் பிடித்து ஆட்டினால் 'டில்ட்' என்று விளக்கெரிந்து ஆட்டம் நின்றுவிடும். சொல் அங்கிருந்து வந்தது. நமக்கு விளக்கு எரியாது என்பதுதான் சிக்கல். அதனால் நாமே அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மூன்று: பாட் எவ்வளவு என்று பார்க்காமலே கால் செய்வேன், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், எதிராளிக்குப் பட்டப்பெயர் வைப்பேன். மூன்றில் ஒன்று தெரிந்தால் மேசையிலிருந்து 'சிட் அவுட்' கொடுத்துவிட்டு, அடுக்குமாடிப் படியில் கீழே போய் ஏறி வருவேன். ஒரே நாளில் இரண்டாவது முறை தெரிந்தால் மூடிவிட வேண்டியதுதான்.

அந்த இரண்டு ஆஸ் கைக்கே வருவோம். என்ன சீட்டு என்று தெரியாத ஒருவருக்கு எதிரே ஆஸ் ஜோடி 100-க்கு ஏறக்குறைய 85 முறை ஜெயிக்கும். மீதி 15 முறை தோற்றே ஆக வேண்டும். அந்த 15-இல் ஒன்று எனக்கு இரண்டரை மணிக்கு வந்தது, அவ்வளவுதான்.

படி 5: மூன்று கையை எழுதுங்கள்

ஆட்டம் முடிந்ததும் குழப்பம் தந்த மூன்று கைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எழுத வேண்டாம். என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்பது போதும்.

அப்புறம், சிப்ஸ் காலியானதும் செயலி உங்களுக்குப் புது சிப்ஸ் விற்கப் பார்க்கும். வங்கி அட்டை விவரத்தை அதில் பதிந்து வைக்காதீர்கள். அடுத்த நாள் இலவச சிப்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாமல் அட்டையைத் தேடினால், அன்றே செயலியை நீக்கிவிட்டு வீட்டில் யாரிடமாவது பேசுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பிஃபிரெண்டர்ஸ் என்ற உதவி அமைப்பு இருக்கிறது, தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்றைக்கு ஒரு பயிற்சி. ஒரு மேசையில் உட்கார்ந்து, முதல் 30 கையை என்ன சீட்டு வந்தாலும் மடக்குங்கள். ராஜா ஜோடி வந்தாலும்தான். எதிரே இருக்கும் ஒருவரைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். 31-ஆவது கையிலிருந்து ஆடலாம். அதற்குள் தாளில் எழுதிய நேரம் வந்துவிட்டால், அதுவும் நாளைக்கு.