மூளைக் கட்டி என்று ஊரிலிருந்து போன் வந்தால்

வெளிநாட்டிலிருந்து அவசரமாக ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் ஒருவருக்கு மூளையிலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ கட்டி என்று தெரிந்து ஓடுகிறவர்களுக்கு மட்டும் இது.

டிக்கெட்டை ஆபரேஷன் நாளுக்குக் குறிவைத்து எடுக்காதீர்கள். அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைத் தவிர உங்களுக்கு வேலை இல்லை. மூளைக்கு அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வரும் கட்டியை இப்போது பெரும்பாலும் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டே எடுக்கிறார்கள். வெளியே தையல் தெரியாது, சில நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். எல்லாம் முடிந்தது என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆள் வேண்டியது அப்புறம்தான். ஒரு வாரம் போல ஆனதும் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சளி என்று விட்டுவிடக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதோ என்று உடனே காட்ட வேண்டும். கவனிக்காவிட்டால் மூளை உறையில் தொற்று வரலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடாதீர்கள். மண்டைக்குள் காற்று தங்கியிருந்தால் பறக்கும்போது விரியும். சர்ஜன் சரி என்ற பிறகுதான் விமானம்.

இனி டிஸ்க். எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றே, மூலப் படங்கள் முழுவதும் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டாவது கருத்து சொல்ல எந்த சர்ஜனாலும் முடியாது. கட்டிக்கு இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள், மேலே பார்வை நரம்புகள். ஒவ்வொரு வெட்டுப்படமாக நகர்த்திப் பார்த்தால்தான் எது எதை ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

என் அம்மாவுக்கு இந்தக் கட்டி வந்தபோது நாங்கள் டிஸ்க் வாங்கவில்லை என்று நான் ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் கவுன்டரில் ரெக்கார்ட் செக்‌ஷனுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மதியச் சாப்பாடு வரை நின்றதற்குக் கிடைத்தது ஒரு கேள்வி: "நீங்க யாரு?"

"மகன்."

"உடனிருப்பவர் இடத்துல உங்க பேர் இல்லையே சார்."

இருந்தது அத்தை மகளின் பெயர். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது, கண்புரை இல்லை என்றதும் விடாமல் ஸ்கேன் வரை கொண்டுபோனது, எல்லாம் அவள்தான். விதியில் தப்பில்லை, யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. நோயாளியின் கையெழுத்தோடு கடிதம் கேட்டார்கள், கொண்டுபோனேன். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எப்படிப் பொருந்தும்? கட்டி பார்வை நரம்பை அழுத்தி அம்மாவுக்கு இரண்டு ஓரமும் தெரியாமல் போயிருந்தது. கையெழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. அதற்கான அத்தாட்சி அவர்கள் தர மறுத்த டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கடைசியில் அத்தை மகள் வேலைக்கு லீவு போட்டு வந்தாள். ஒரு கையெழுத்து, முடிந்தது. எனக்கு வந்த கோபம் அந்த அலுவலகத்தின் மேல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்குக் கத்தியே வேண்டாம் என்றார் சித்தப்பா, "காமா நைஃப்ல கரைச்சிடலாம்". வீடியோ காலில் குடும்பமே ஆமோதித்தது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் உருவாக்கி 1968-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கருவியில் கத்தி இல்லை, கதிர்வீச்சுதான். சிறிய கட்டிகளுக்கு, முக்கியமாகக் காது நரம்புக் கட்டி போன்றவற்றுக்கு, நல்ல வழி. ஆனால் பலன் தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். பார்வை நரம்பை அழுத்தும் கட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கதிர் அந்த நரம்பையும் கெடுக்கலாம். சண்டை போடாதீர்கள், சித்தப்பாவை அடுத்த முறை டாக்டரிடமே கூட்டிப்போங்கள்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தாயிற்றா? அதைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும். காது மூக்கு தொண்டை சர்ஜனும் சேர்ந்து செய்கிறாரா? ஹார்மோனை அப்புறம் யார் கவனிப்பார்கள்?

திரும்புவதற்கு முன் உடனிருப்பவர் இடத்தில் உங்கள் பெயரையும் ஏற்றுங்கள். என்னுடையதை ஏற்றினார்கள், வெளிநாட்டு எண்ணைத்தான் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. என் பெயருக்கு எதிரே இப்போது இருப்பது அத்தை மகளின் நம்பர். மூன்று மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ., கூடவே பார்வைப் பரிசோதனை. அதற்கும் அவள்தான் லீவு போட வேண்டும்.