ப்ரோஷர்ல 40 யூனிட், கையில வர்றது எவ்ளோ? உங்க ஈவி பேட்டரிய நீங்களே அளந்து பாருங்க

எலக்ட்ரிக் கார் வாங்கின புதுசுல எனக்கு ஒரு குழப்பம். 40 கிலோவாட் அவர்னு சொல்லித்தான் வித்தாங்க, ஆனா 100ல இருந்து கிட்டத்தட்ட காலியாகுற வரைக்கும் ஓட்டிப் பாத்தா கணக்கு எங்கயோ இடிக்குது. ஒரு கிலோவாட் அவர்ங்கிறது நம்ம ஈபி பில்லுல வர்ற ஒரு யூனிட்தான், அதனால கீழ யூனிட்டுன்னே எழுதுறேன்.

மொட்டை மாடி தண்ணி டேங்க பாருங்க. ஆயிரம் லிட்டர்னு போட்டிருக்கும். ஆனா வெளிய போற பைப் அடியில இருந்து ரெண்டு விரக்கடை மேலதான் இருக்கும், ஓவர்ஃப்ளோ பைப் மூடிக்குக் கீழயே இருக்கும். ஆயிரம் லிட்டர் குழாய்ல வரவே வராது. பேட்டரியும் அப்படித்தான், முழுசா நிரப்பினாலும் சுத்தமா காலி பண்ணாலும் உள்ள இருக்குற பேட்டரி செல்லுக்கு ஆயுசு குறையும்னு மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் கம்பெனியே பூட்டி வச்சிருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் ஐடி.3ல மொத்தம் 62, ஓட்டக் கிடைக்கிறது 58. 2011ல வந்த செவர்லே வோல்ட் இன்னும் மோசம், 16ல பத்து சொச்சம்தான் குடுத்துச்சு. சில கார்ல பூட்டு வெறும் சாஃப்ட்வேர்தான்: 2017ல ஃப்ளோரிடாவுல இர்மா புயல் வந்தப்ப 75 யூனிட் பேட்டரிய 60ன்னு வித்த கார்களுக்கு டெஸ்லா கம்பெனி ஆபீஸ்ல இருந்தபடியே பூட்டத் திறந்து விட்டாங்க, ஜனங்க ஊர விட்டுக் கிளம்ப வசதியா.

சரி, அளக்குறது எப்படி?

முதல்ல 100 வரைக்கும் சார்ஜ் போடுங்க. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரின்னா இது ரொம்ப முக்கியம், அதுல நடுவுல வோல்டேஜ் பெருசா மாறாது, அதனால அப்பப்ப ஃபுல் பண்ணலைன்னா டேஷ்போர்டு சதவீதமே தப்பாக் காட்டும்.

ரெண்டாவது, கிளம்புறப்ப ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணிட்டு சதவீதத்த போட்டோ எடுத்துக்கோங்க. ஞாபகம் வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, மறந்துரும்.

மூணாவது, கொறஞ்சது 40 சதவீதமாவது இறங்குற வரைக்கும் ஒரே மூச்சுல ஓட்டுங்க. நான் தாம்பரத்துல இருந்து திண்டிவனம் போனேன், 95 கி.மீ. 92ல கிளம்பி 50ல நிறுத்தினேன், சராசரி 100 கி.மீ.க்கு 16 யூனிட்டுன்னு காட்டுச்சு. அப்ப செலவானது 15.2 யூனிட், இறங்கினது 42 சதவீதம். 15.2ஐ 0.42ஆல வகுத்தா 36.2. இதுதான் என் கார்ல நெஜமா கைக்கு வர்றது.

ஆனா டேஷ்போர்டு சதவீதத்த புள்ளி இல்லாம முழு எண்ணாத்தான் காட்டும், நெஜமா இறங்கினது 41ஆ இருந்தா விடை 37.1, 43ஆ இருந்தா 35.3. அதனாலதான் பத்து பதினஞ்சு சதவீதம் ஓட்டிட்டுக் கணக்குப் போடாதீங்கன்னு சொல்றேன், விடை கன்னாபின்னான்னு வரும். மூணு நாலு தடவ அளந்து சராசரி எடுங்க.

நான் பண்ண ஒரு கூத்தையும் சொல்லிடறேன். மொதல்ல வீட்டு ப்ளக்குல தனி மீட்டர் மாட்டித்தான் அளந்தேன், 50 சதவீதம் ஏத்த 20.5 யூனிட் ஓடுச்சு, அப்ப மொத்தம் 41, ப்ரோஷர்ல போட்டதவிட ஜாஸ்தி! மச்சான்கிட்ட பெருமையா சொன்னேன். "மாமா, சார்ஜர் சூடாகுதே, அது யார் வீட்டு கரண்ட்டு?"ன்னு கேட்டாரு. செவுத்து மீட்டர்ல ஓடுறது பூரா பேட்டரிக்குப் போகாது, பத்துல ஒரு பங்குக்கு மேல வழியிலயே வெப்பமாப் போயிரும். ஈபி பில்லு பாக்க அந்தக் கணக்கு சரி, பேட்டரிய அளக்க உதவாது.

இப்ப பயணத்துக்கு இத எப்படி எடுத்துக்கறதுன்னா, 80 சதவீதத்துல கிளம்பி 15ல நிறுத்துறதா வச்சுக்கோங்க. 36.2ல 65 சதவீதம் 23.5 யூனிட், 16ஆல வகுத்து நூறால பெருக்கினா சுமார் 147 கி.மீ. அதே வண்டிய ஏ.சி. போட்டு பைபாஸ்ல 100 கி.மீ. வேகத்துல வெரட்டினா 16ங்கிறது 18 ஆயிரும், அப்ப 130தான். தாம்பரத்துல இருந்து விழுப்புரம் அதுக்கும் கொஞ்சம் மேல, அதனால இப்பல்லாம் நான் திண்டிவனத்துலயே வண்டிய சார்ஜ்ல சொருகிட்டு டீ குடிக்கப் போயிடறேன்.