சிக்பேட்டைக்குச் சேலை எடுக்கப் போகிறீர்களா? தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்

டொராண்டோவிலிருந்து வந்த என் அத்தை, பெங்களூரு சிக்பேட்டைக் கடைவீதியில் ஒரு பட்டுக்கடை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். காலை இட்லிக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. ஏன் அத்தை என்றால், "குடிச்சா போகணும்டி, இந்தச் சந்துல எங்க போறது?" என்றார். வயது 68, சர்க்கரை வேறு. அன்றிலிருந்து, அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: தண்ணீரைக் குறைக்காதீர்கள், போகும் வழியை யோசித்து வையுங்கள்.

விமான நிலையத்திலிருந்தே தொடங்குங்கள். நகர நடுவிலுள்ள மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு வரும் வாயு வஜ்ரா பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஹெப்பாளில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. பெட்டிகளை எடுத்த கையோடு அங்கேயே போய்விட்டு வெளியே வாருங்கள்.

நகருக்குள் எனக்குக் கைகொடுப்பது நம்ம மெட்ரோதான். பச்சைத் தடத்தில் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் நிலையங்கள் 2017 ஜூனில் திறந்த பிறகு, பேட்டைப் பக்கம் போவது பெண்களுக்குக் கொஞ்சம் எளிதாகிவிட்டது. ரயிலை விட்டு இறங்கியதும், தேவை தோன்றாவிட்டாலும், நிலையத்துக் கழிப்பறைக்குப் போய்விட்டே மேலே ஏறுங்கள். மேலே வந்துவிட்டால் ஆள்மேல் ஆள் இடிக்கும் சந்துகள். திரும்பி இறங்க மனம் வராது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்றால் எம்.ஜி. ரோடு நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கருடா மால் மாதிரி பெரிய வணிக வளாகங்களும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அவைதான் நல்லது, உட்காரும் வகைக் கழிப்பறை இருக்கும். தெருவோரக் கட்டணக் கழிப்பறைகளில் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகைதான்.

அந்தக் கட்டணக் கழிப்பறைகளை ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் உதவியோடு 'நிர்மலா' என்ற பெயரில் பல கட்டப்பட்டன. சுலப் என்ற தொண்டு நிறுவனத்துக்காரர்கள் நடத்துபவையும் உண்டு. வாசலில் ஆள் உட்கார்ந்து காசு வாங்கும் இடம், யாரும் பார்த்துக்கொள்ளாத இடத்தைவிடச் சுத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம். 5, 10 ரூபாய்ச் சில்லறை தனியாக முடிந்து வையுங்கள். உங்கள் வெளிநாட்டு அட்டை அங்கே செல்லாது. டிஷ்யூ, சோப்புத்தாள் கைப்பையில் இருக்கட்டும். பல இடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்கள் மட்டும் கொடுக்க வேண்டும். இது அநியாயம். காசைக் கொடுங்கள், ஆனால் அநியாயம் என்று அங்கேயே சொல்லவும் செய்யுங்கள். நான் சொல்கிறேன்.

தர்ஷினிகளை நம்பாதீர்கள். நின்றுகொண்டு சாப்பிடும் அந்தக் கடைகளில் காபி அருமையாக இருக்கும், கை கழுவ இடமிருக்கும், அதோடு சரி. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலாகப் பார்த்துப் போங்கள்.

சேலைக்கடையில் கூச்சப்படாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பட்டு எடுப்பவரிடம் முகம் சுளிக்கும் முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. விற்பனைக்கு நிற்கும் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டால், பின்னால் அவர்கள் போகும் இடத்தைக் காட்டுவார். பேட்டையிலும் சிவாஜிநகரிலும் தமிழே போதும். மற்ற இடங்களில் "டாய்லெட் எல்லிதெ?" என்று கேளுங்கள். பலகையில் கன்னட எழுத்து மட்டும் இருந்தால் யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்: 'மஹிளெயரு' பெண்களுக்கு, 'புருஷரு' ஆண்களுக்கு.

இத்தனை பேர் வந்து போகும் கடைவீதியில், சேலைக்கடைக்காரரின் இரக்கத்தை நம்பி ஒரு கிழவி தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. மாநகராட்சி இதைத் தன் முதல் வேலையாக எடுக்க வேண்டும். சுத்தமில்லாத இடத்தைக் கண்டால் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சேலம், வேலூர்ப் பக்கம் போக சாந்திநகரில் பஸ் ஏறுபவர்கள், நிலையத்திலேயே போய்விட்டு ஏறுங்கள். ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டுவதற்கே எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று கண்டக்டரிடம் ஏறும்போதே கேட்டு வையுங்கள். தண்ணீர்ப் பாட்டில் மடியில் இருக்கட்டும்.