மந்திரசாலையை வெளிச்சமாக்காதீர்கள்: பெரிய உட்கூடங்களைப் படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். வெளி முகப்பு நன்றாக வந்திருக்கும். பூமுகத்து வாசலில் நின்று எடுத்த படமும் பரவாயில்லை. உள்ளே போகப் போகத்தான் கெடும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை சாம்பல் பூத்து வெளிறியிருக்கும். ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டு தளங்களிலும் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை வெறும் வராந்தாவாகச் சுருங்கியிருக்கும். பெரும்பாலும் குற்றம் கேமரா மேல் இல்லை.

முதல் தவறு, இருட்டைக் குறையாக நினைப்பது. நம் குமரி மாவட்டத்துப் பழைய கட்டடங்கள் வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்துவதற்காகவே கட்டப்பட்டவை. தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை, மரச்சட்டம் அடித்த சாளரம், கருத்துப்போன தேக்கு, பலா மரங்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குளிர்ச்சியும் அமைதியும். ஆனால் கேமராவின் ஒளி அளவி எந்தக் காட்சியையும் நடுத்தரமான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்புத் தரையும் கறுத்த உத்தரமும் இருக்கும் அறையைக் காட்டினால், அதையும் இழுத்து வெளிச்சமாக்கிவிடும். போனில் வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் ஹெச்.டி.ஆர். தானாகவே இயங்கினால் இன்னும் மோசம், நிழலே இல்லாத அரண்மனை கிடைக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது உள்ளே விழும் ஒளியைப் பாதியாக்குங்கள். போன் என்றால் திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். மந்திரசாலைச் சாளரங்களில் பதித்த வண்ண மைக்கா வழியாக வரும் ஒளி அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது, உள்ளே நுழைந்ததும் போனின் அகலக் கோண லென்ஸுக்கான 0.5-ஐத் தட்டுவது. இடம் பெரியது, ஆகவே பெரிய கோணம் என்று நமக்குத் தோன்றுகிறது. நடப்பது நேர்மாறு. அகலக் கோண லென்ஸ் அருகில் இருப்பதை ஊதிக்காட்டி, தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். முன்னால் நாலு அடித் தரை பிரம்மாண்டமாக விரிய, மண்டபத்தின் மறுகோடி தீப்பெட்டி அளவுக்குப் போய்விடும். பெரும்பாலான போன்களில் அந்த அகல லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்ஸாரும் சிறியது, இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். நவராத்திரி மண்டபத்தில் கருங்கல் தூண்களின் வரிசையை எடுப்பதானால், ஒரு கோடியில் நின்றுகொண்டு சாதாரண லென்ஸிலோ இரண்டு மடங்கு ஜூமிலோ எடுத்துப் பாருங்கள். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கும். இடத்தின் நீளம் அந்த நெருக்கத்தில்தான் தெரிகிறது. முழு மண்டபமும் ஒரே படத்தில் அடங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, அகலக் கோணம் தேவைப்படும் இடமும் உண்டு. அங்கே வரும் வினைதான் சாய்ந்த தூண்கள். தேவாலயத்தில் நின்று கூரையும் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். சுவர்கள் இரண்டும் உச்சியில் உள்நோக்கிச் சாய்ந்து, கட்டடமே பின்னால் விழப்போவது போல ஆகிவிடுகிறது. கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக, செங்குத்தாக இருந்தால் தூண்களும் செங்குத்தாகவே விழும். விதி அவ்வளவுதான். ‘அப்போ கூரை வராதே, பாதிப் படம் தரையாகிவிடுமே’ என்பீர்கள். உண்மைதான். போனை நெடுக்காகப் பிடித்து எடுங்கள், அப்புறம் கீழே இருக்கும் வெற்றுத் தரையை வெட்டிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பின்னால் போக இடமிருந்தால் போங்கள். மாடம் இருந்து, ஏற அனுமதியும் கிடைத்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் உயரத்தின் நடுப்பகுதியில் நின்றால் தரையும் கூரையும் சரிபாதியாக வரும். பின்னால் மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்றால், நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள்.

தேவாலயங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். கோட்டாறு சவேரியார் பேராலயம் ஆகட்டும், உங்கள் ஊர்ச் சின்னச் சபை ஆகட்டும், விசிறி இல்லாத படம் கிடைப்பது கடினம். அவற்றை மறைக்கப் போராடாமல் நடுப்பாதையின் சரியான மையத்தில் நின்றால், விசிறிகளும் பெஞ்சுகளோடு சேர்ந்து இரண்டு பக்கமும் ஒழுங்காக வரிசை கட்டும். ஆனால் அந்த மையம் துல்லியமாக இருக்க வேண்டும். அரை அடி விலகினாலும் பீடம் ஒரு பக்கம் இழுத்ததாகத் தெரியும். ஒன்று நடுவில் நில்லுங்கள், இல்லையென்றால் துணிந்து ஓரத்துக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் கைத்தவறாகத்தான் தெரியும்.

திறந்த நடுமுற்றம் வேறொரு சோதனை. அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் நாலுகெட்டு அமைப்பு. நடுவில் வானம் திறந்திருக்கும், சுற்றிலும் நிழல். உச்சி வெயிலில் முற்றத்தின் ஒளியை அளவெடுத்தால் தாழ்வாரம் கரியாகும், தாழ்வாரத்தின் ஒளியை அளவெடுத்தால் முற்றம் சுண்ணாம்பாகும். வெந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, நிழலை ஓரளவு மீட்கலாம். ஆகவே வெளிச்சத்துக்கு அளவெடுத்து, முடிந்தால் சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். அல்லது ஒரே இடத்தில் நின்று இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என எடுத்துப் பின்னால் சேர்க்கலாம். இதையெல்லாம்விடச் சுலபம், மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போவது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாய்த்த மாவட்டம் இது. மழைநாள் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

பிளாஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும். போனின் குட்டி விளக்கு சில அடிகளைத் தாண்டி எதையும் தொடாது. முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும் பளிச்சிடும். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று நண்பகலில், அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் சூரிய ஒளி விழும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த ஒளியையே பிளாஷ் போட்டு எடுக்கிறவரை என்ன சொல்வது!

நிறத்தில் வரும் கோளாறு நுட்பமானது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் சாளரத்து வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 2700. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி வெள்ளைச் சமநிலை இரண்டுக்கும் நடுவே தடுமாறி, மரத்தின் செம்பழுப்பைச் சாம்பலாக்கிவிடும். ‘பகல் வெளிச்சம்’ என்று நிலையாக வைத்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு இருக்கும் கூடங்களில் படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழுந்தால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டைகள் போய்விடும்.

பத்மநாபபுரத்துக் கறுப்புத் தரை தனியாகப் பேசவேண்டிய விஷயம். சுட்ட சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். இன்றும் கண்ணாடியாக மின்னுகிறது. விவரம் தெரிந்தவர்கள்தான் இங்கே ஏமாறுவார்கள்: பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் போலரைசர் என்னும் வடிகட்டியை மாட்டிவிடுவார்கள். அது பிரதிபலிப்பை விழுங்கும், கூடவே ஒன்றரை இரண்டு ஸ்டாப் ஒளியையும் விழுங்கும். கழற்றிப் பையில் போடுங்கள். கேமராவை முழங்கால் உயரத்துக்கும் கீழே இறக்கினால் தூண்களின் பிரதிபலிப்பு தரையில் முழுதாகக் கிடைக்கும்.

ஆள் இல்லாத படத்துக்காகக் காத்திருப்பதும் பல நேரம் வீண். மனிதர் ஒருவர் நின்றால்தான் கூடத்தின் அளவே புரியும். அவரைப் படத்தின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அகலக் கோணத்தில் தலை நீண்டுவிடும்.

கடைசியாக, கிளம்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை. பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. திங்கள்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனிச் சீட்டு. முக்காலிக்கு முன் அனுமதி இல்லாமல் போகவேண்டாம், தூணில் சாய்ந்து மூச்சை அடக்கினாலே 1/15 வரை சமாளிக்கலாம். சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் பிராகாரம் எவ்வளவு ஆசை காட்டினாலும் உள்ளே படம் எடுக்கக் கூடாது. தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. விவேகானந்தர் பாறையின் தியான மண்டபத்திலும் கேமராவை எடுக்காதீர்கள். ஏ.சி. காரில் வருகிறவர்கள் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் கடலோர ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் பனி பிடித்து, சீட்டு வாங்கிய நேரமெல்லாம் துடைப்பதிலேயே போகும்.