ஐஸ் ஏற்றினால் மட்டும் இறுகிய எஞ்சின்

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தில் படகில் ஐஸ் ஏற்றி இரவு நிறுத்தினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சுற்றாமல் ‘டக்’கென்று நின்றுவிடும். பேட்டரி, ஸ்டார்ட்டர் பார்த்தாச்சு. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) மாற்றியதும் ஓடியது. உண்மையில், ஹெட்டைத் திறந்தபோது உள்ளிருந்த தண்ணீர் வடிந்ததுதான் ஓடியதற்குக் காரணம். அடுத்த லோடில் மறுபடியும் அதே கதை. நான்கு நாள் வீண்.

டீசல் பீச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றினேன். பீச்சிய தண்ணீர் உப்புக் கரித்தது. ரேடியேட்டரிலோ நல்ல தண்ணீர்! அப்படியானால் உள்ளே வந்தது கடல் தண்ணீர்தான். பின்பக்கம் பார்த்தால், புகைக்குழாய் வாயின் கரி கீழ்ப்பாதியில் மட்டும் கழுவியிருந்தது. லோடில் வாய் முங்குகிறது. ஓடும்போது புகை தள்ளும், நிறுத்தினால் அலை குழாய் வழியே எஞ்சினுக்குள் ஏறும்.

குழாயை முழு லோடு நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே வளைத்து இறக்கி, வாயில் கீல் மூடி போட்டேன். ஆயில் 2 முறை மாற்றினேன். இறுகியபோது ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது, உள்ளிருக்கும் தண்ணீர் அமுங்காததால் கனெக்டிங் ராட் (பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளைந்துவிடும்.