வண்டி நல்லாத்தானே ஓடுது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் போன் செய்தாள். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, பன்னிரண்டு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி மூன்று மாதம். "மாமா, டேஷ்போர்டுல ஒரு சிவப்பு லைட் எரியுது. ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது. இன்னும் பத்து கிலோமீட்டர்தான், வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடட்டுமா?"

ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள், அந்த மட்டும் என்னைவிடப் புத்திசாலி. 1989 மே மாதம் இதே வார்த்தைகளை நான் பக்கத்து சீட்டில் இருந்த மனைவியிடம் சொன்னேன், வண்டியை நிறுத்தாமலே. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கண்ணாடி பார்க்காதது, இண்டிகேட்டர் போடாதது, பெல்ட் மாட்டாதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவார்கள். நான் செய்து, பணம் கொடுத்துக் கற்றவை மட்டும் இங்கே.

கிளட்சில் தொங்குவது

நான் ஓட்டக் கற்றது சேலத்தில், 1984-ல், பெரியப்பாவின் அரிசி மில் அம்பாசிடரில். சொல்லிக் கொடுத்தது மில் டிரைவர் அண்ணன். ஏற்காடு அடிவாரச் சரிவில் வண்டியை நிறுத்தி, ஆயுத பூஜைக்கு வாங்கி மிஞ்சிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பார். "இப்ப எடு தம்பி. பழம் நசுங்கினா நீதான் வாங்கித் தரணும்." முதல் வாரத்தில் ஏழெட்டுப் பழம் நசுங்கியது. இரண்டாம் வாரம் ஒன்றுகூட நசுங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "பழம் தப்பிச்சிருச்சு. பிளேட்டு போகுது." நான் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்சைப் பாதி அழுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்து, அந்த இழுப்பிலேயே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைத்திருந்தேன். அப்படி நிற்கும்போது கிளட்ச் பிளேட், இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலோடு முழுதாகச் சேராமல் உரசிக்கொண்டே இருக்கும். கருகிய நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. மேம்பாலத்துச் சிக்னலில் இன்று ஓட்டிப் பழகுகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்துங்கள். கிளட்ச் பிடித்து வண்டி லேசாகத் துடிக்கும்போது பிரேக்கை விடுங்கள். நேர் ரோட்டில் போகும்போது இடது கால் தரையில் இருக்கட்டும். பெடல் மேல் சும்மா வைத்திருந்தாலே கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும்.

இறக்கத்தில் நியூட்ரல்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று ஒரு நண்பன் சொன்னான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் என் ஃபியட்டில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்து மிதித்து டிரம் சூடாகி விரிய, பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகும் வண்டி வேகம் குறையவில்லை. அடிவாரத்துக்கு இன்னும் நான்கு வளைவு. செகண்ட் கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்றைய இஞ்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சினை உயிரோடு வைத்திருக்க அது பெட்ரோல் குடிக்கும். ஆக, அந்த மிச்சமும் இப்போது கிடையாது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

சோக்கை உள்ளே தள்ள மறப்பது

குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப இழுத்துவிடும் குமிழ்தான் சோக். உங்களுக்கு அந்தக் குமிழே கிடையாது. பிழைத்தீர்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே"

இப்போது 1989 மே. கத்திரி வெயில். மெட்ராஸிலிருந்து சேலத்துக்கு, செங்கல்பட்டு, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாக. வண்டி 1979 மாடல் பிரீமியர் பத்மினி, நான் மூன்றாவது கை. யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, எல்லோருக்கும் ஃபியட்தான். 1089 சிசி இஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட். நடுவில் மகன் நின்றுகொண்டு வருவான். இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும் விஷயம், அன்று அது சாதாரணம்.

அச்சரப்பாக்கம் தாண்டியதும் டேஷ்போர்டில் சார்ஜ் லைட் சிவப்பாக எரிந்தது. எனக்குத் தெரிந்த அறிவியல் இவ்வளவுதான்: மின்சாரம் தயாரிக்கும் டைனமோ பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை, பகல் நேரம், ஹெட்லைட் தேவையில்லை, பேட்டரியிலேயே சேலம் போய்விடலாம். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று மனைவியிடம் சொன்னது அப்போதுதான். சூடு காட்டும் முள் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முள்ளுக்கு யாராவது செலவு செய்வார்களா!

டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. அந்த சிவப்பு விளக்கு எனக்குச் சொன்னது பேட்டரியைப் பற்றி அல்ல, பெல்ட் அறுந்துவிட்டது என்று. வேகமாகப் போனால் காற்று ரேடியேட்டரில் படுமே என்று தோன்றலாம். படும், ஆனால் பம்ப் நின்றுவிட்டதால் இஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து போவதில்லை. அது உள்ளேயே கிடந்து கொதிக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஏற்றத்தில் இழுவை குறைந்தது. மிதித்தால் கடகடவென்று ஒரு சத்தம். பெயிண்ட் காய்வது போல ஒரு நெடி. மனைவி நிறுத்தச் சொன்னாள். "திண்டிவனம் வந்துடும், அங்க மெக்கானிக் இருப்பான்" என்றேன். அச்சரப்பாக்கத்திலிருந்து திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் பாதி தூரம்கூடப் போகவில்லை, பானெட் ஓரமெல்லாம் ஆவி.

இங்கேதான் இரண்டாவது முட்டாள்தனம். புளியமரத்தடியில் நிறுத்தி, பக்கத்து வயல் பம்ப்செட்டிலிருந்து ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். பீறிட்ட நீராவியில் முன்கை தோல் உரிந்தது. அந்த வலியோடு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினேன். உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஃபியட்டில் இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும், போல்ட்டுகள் விடாது, எனவே வளையும். அதன்மேல் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலும் விடலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போனால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். திண்டிவனத்துக்குக் கயிறு கட்டி இழுத்துப்போன பிறகு மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். பால் காபி நிறம். "ஹெட்டைக் கழட்டி ஃபேஸிங் போடணும் சார்." வளைந்த அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவதுதான் ஃபேஸிங். குடும்பத்தை பஸ் ஏற்றிவிட்டு நான் நான்கு நாள் லாட்ஜில் கிடந்தேன். ஒன்றரை மாதச் சம்பளம் போனது.

இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் தருவது அந்தப் பணம் அல்ல. பழைய வண்டி வைத்திருந்த எல்லோரையும் போல நானும் டிக்கியில் ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட், இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு செட் பாயின்ட் வைத்திருந்தேன். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை மாட்ட இருபது நிமிடம் போதும். சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே நிறுத்தியிருந்தால் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குச் சேலம் போயிருப்போம்.

இன்றைய வண்டிகளில் விசிறி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுகிறது, ஹெட் பெரும்பாலும் அலுமினியம்தான். விசிறி மோட்டார் போனாலும், ஃப்யூஸ் போனாலும், ஹோஸில் கசிவு இருந்தாலும் கதை இதேதான். பல வண்டிகளில் இப்போது முள்ளே கிடையாது. நீல விளக்கு என்றால் இஞ்சின் இன்னும் சூடாகவில்லை, சிவப்பு என்றால் உடனே ஓரம் கட்ட வேண்டும். முள் இருக்கும் வண்டியில் இன்னொரு கண்ணாமூச்சி உண்டு. உச்சிக்குப் போன முள் திடீரென்று இறங்கினால் மகிழாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம்.

செய்ய வேண்டியது: ஏசியை அணையுங்கள். ஓரம் கட்ட நூறு இருநூறு அடி போக வேண்டியிருந்தால் ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், வியர்த்துக் கொட்டும், ஆனால் இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும். இஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது டீக்கடையில் உட்காருங்கள். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சந்தேகம் இருந்தால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அக்கா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சாவியை உருவு, ஆட்டோ பிடிச்சு வா" என்றேன். அவள் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்ததாம், மெக்கானிக் நூற்றைம்பது ரூபாய் வாங்கினான்.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்துவது

கியரும் போடுங்கள்.

பெயிண்டைப் பார்த்து வாங்குவது

இப்போது பையன்களுக்குப் பழைய ஃபியட் மேல் ஒரு மோகம். எங்கள் தெருவில் ஒருவன், 26 வயது, தாத்தா வைத்திருந்த அதே கிரீம் நிறத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் துணைக்கு என்னைக் கூப்பிட்டான். நான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். தகரம் துருப்பிடித்த இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பிடிக்காது. கதவுகளின் அடிப்பக்கம் நான்கு இடத்தில் வைத்தேன், நான்கிலும் கீழே விழுந்தது. கால் மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது, காரின் தரை அல்ல, ரோடு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. விற்றவரிடம் இருந்த ஆர்.சி. காலாவதியாகி நாலு வருடம்.

வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டான். வண்டி இப்போது அவன் வீட்டு வாசலில் செங்கல் மேல் நிற்கிறது. சாயங்காலம் நடக்கப் போகும்போது நான் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஸ்டியரிங் பக்கத்துக் கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.